அடுத்த மாதத்துக் குளிர்

உலகத்தில் எல்லாக் கடைகளிலும் ஃபிரிட்ஜைப் பார்த்துத்தான் நோட்டில் எழுதுவார்கள். இந்த மளிகைக்கடையில் மட்டும் நோட்டைப் பார்த்துவிட்டு ஃபிரிட்ஜ் நடந்துகொண்டது. கிட்டத்தட்ட நூறு நாள் அப்படி நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உணவுப் பாதுகாப்பு ஆபீசரம்மாகூட முதலில் நம்பவில்லைதான். ஆனால் அவர் நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

கடை பெரிய கடை அல்ல. இரண்டு ஷட்டர், அதில் ஒன்று துருப்பிடித்து ஏழு வருடமாகப் பாதியில் நிற்கிறது, குனிந்து போகிறவர்கள் குனிந்து போவார்கள். இடது பக்கம் அரிசியும் பருப்பும் மூட்டை மூட்டையாக, மரப்பலகைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. வலது பக்கம் ஆளுயரத்துக்குக் கண்ணாடிக் கதவு போட்ட ஃபிரிட்ஜ். அதில் பால், வெண்ணெய், கீழ்த்தட்டில் முட்டை. அது ஓடத் தொடங்கினால் பக்கத்துத் தையல்கடை மேஜைமேல் கிடக்கும் ஊசி தானாக வடக்கே நகரும் என்று தையல்காரர் சொல்வார். அவர் எதையும் எட்டு மடங்காகச் சொல்கிற ஆள். இருந்தாலும் ஊசி நகர்ந்ததை மளிகைக்காரரும் ஒருமுறை பார்த்திருக்கிறார்.

ஃபிரிட்ஜின் குளிரை ஒரு நாளைக்கு மூன்று தடவை பார்த்து எழுத வேண்டும் என்ற விதி வந்தபோது நோட்டு முதலில் மளிகைக்காரர் கையில்தான் இருந்தது. அடுத்த சோதனைக்கு வந்த ஆபீசரம்மா நோட்டைத் திறந்தார். காலை ஏழு மணி என்ற கட்டத்தில் "சில்லுனு இருக்கு" என்று எழுதியிருந்தது. பகல் ஒரு மணிக்கு "இருக்கு". மாலை ஆறு மணிக்கு "பரவாயில்லை". இப்படியே நான்கு மாதம்.

"ஐயா, இதுல நம்பர் எழுதணும்."

"நம்பர் எழுதினா மட்டும் கூடவா சில்லுனு ஆயிடப்போவுது மேடம்?"

அதற்கு முதல் நோட்டீஸ். உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் எலி மருந்து இருந்ததற்கு ஆறு மாதம் கழித்து இரண்டாவது நோட்டீஸ். மூன்றாவது வந்தால் லைசென்ஸ் போய்விடும், ஷட்டரில் சீல் வைப்பார்கள். இரண்டாவது நோட்டீஸ் வந்த அன்று சாயங்காலமே அவர் மனைவி கல்லாவிலிருந்து எழுந்துவந்து, நோட்டைப் பிடுங்கி, எலி மருந்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, ஃபிரிட்ஜுக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டார்.

"இனிமே இந்தப் பக்கம் வந்தீங்க, தெரியும் சேதி."

அந்தம்மா பச்சை மையில்தான் எழுதுவார். யாரும் வாங்காமல் கிடந்த பச்சைப் பேனா ஒரு டப்பா நிறைய இருந்தது, வீணாகக் கூடாது. அவர் எழுதுகிற நாலு, கவிழ்த்துப் போட்ட நாற்காலி மாதிரி இருக்கும். அந்த நாற்காலிகளை வரிசையாகப் பார்த்தால் கல்யாண மண்டபத்தைக் கழுவிவிட்ட மறுநாள் மாதிரி இருக்கும் என்று அவருடைய தம்பி சொல்வான். தம்பி கடையிலேயே வேலை பார்க்கிறவன். சைக்கிளில் வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்ப் போடுவான். ஒரு கிலோ உளுந்து மூன்றாவது தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் முளைவிட்டுவிடும். அதனால் அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர்.

இந்த வருடத் தொடக்கத்தில் அந்தம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்றார்கள். பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின இரண்டு மதியமும் அந்தம்மா அதே ஸ்டூலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். மளிகைக்காரர் வெங்காயம் பொறுக்கிக்கொண்டே பார்த்தார்.

"என்னத்தடி எழுதுற?"

"குளிரு."

"இன்னிக்குத்தான் எழுதியாச்சே."

"நாளைக்கு எழுதறேன். அப்புறம் நாளன்னிக்கு. நோட்டு முடியற வரைக்கும் எழுதிட்டுப் போயிடறேன். இல்லன்னா நீங்க திரும்பவும் பரவாயில்ல, பரவாயில்லன்னு எழுதி, கடைய மூடிட்டு உக்காந்திருப்பீங்க."

"பத்து நாளைக்குத்தானே போற? நோட்டு அஞ்சு மாசத்துக்கு இருக்கும் போலிருக்கே."

"வந்தப்புறம் குனிஞ்சு பாக்க முடியுதோ முடியலையோ. வெங்காயத்தப் பாருங்க, அழுகலையெல்லாம் நல்லதுல போடறீங்க."

எல்லாம் நாலு என்றே எழுதினால் எந்த ஆபீசர் நம்புவார்? அந்தம்மாவுக்கு அது தெரியும். அதனால் நடுநடுவே மூன்று, ஐந்து. எப்போதாவது ஒரு ஆறு. ஆறு என்றால் காரணம் வேண்டும் அல்லவா? பக்கத்தில் 'குறிப்பு' என்ற கட்டத்தில் காரணமும் எழுதினார். 'கரண்ட் இருபது நிமிடம் இல்லை.' 'பால் வண்டி ஒரு மணி நேரம் தாமதம்.' 'கதவு ரப்பர் சோப்புப் போட்டுத் துடைத்தது.' ஓரிடத்தில் 'எலிப்பொறி பார்த்தது, சிக்கியது ஒன்று' என்றுகூட எழுதினார். அஞ்சு மாதத்தில் ஒரு எலிகூட இல்லாத மளிகைக்கடை என்றால் அதுவே சந்தேகம்.

ஆறாவது நாள் அந்தம்மா ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார்.

அதற்கு நான்கு நாள் கழித்து மளிகைக்காரர் கடையைத் திறந்தார். அழுதாரா என்றால் இல்லை. கடையைத் திறக்கத் தோன்றியதா என்றால் அதுவும் இல்லை. விடிந்தால் பால் வண்டி வரும், வந்தால் இறக்கிவைக்க வேண்டும், அவ்வளவுதான். டீக்கடைக்காரர் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைத்த டீயை எடுத்துத் தண்ணீர் மாதிரி குடித்தார். உதட்டில் கொப்புளம் வந்தது. அது வந்ததே மறுநாள் மகள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ஐஸ் கட்டியை வெறுங்கையில் ஏந்திக்கொண்டு யாரோ பேசியதைக் கேட்டுக்கொண்டு நின்றார். கையிலிருந்து அது முழுக்கக் கரைந்து வழிந்து முடிந்த பிறகும் ஏந்தின கை அப்படியே இருந்தது.

அன்று காலை ஏழு மணிக்கு நோட்டைத் திறந்தார். அன்றைய தேதிக்கு நேரே பச்சை நாற்காலி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. தெர்மாமீட்டரைப் பார்த்தார். ஆறு.

கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஃபிரிட்ஜின் பின்னால் கையை விட்டு, குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகை இரண்டு சுற்றுத் திருகினார். அரை மணி நேரம் அங்கேயே நின்றார். நாலுக்கு வந்தது. நோட்டில் கையெழுத்துக் கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

"என்ன மாமா பண்றீங்க?" என்றான் எக்ஸ்பிரஸ்.

"உங்கக்கா நாலுன்னு எழுதியிருக்காடா."

"அது ஆபீசருக்காக சும்மா எழுதினது மாமா."

"எழுதினது எழுதினதுதானே. அவள நான் பொய் சொல்ல வைக்க முடியுமா?"

அதிலிருந்து அதுவே வேலையாகிப் போனது. ஐந்தரைக்கே எழுந்து வந்து ஏழு மணிக் குளிரைத் தயார் செய்வார். ஒரு டிகிரி ஏற்ற வேண்டுமானால் கதவைத் திறந்துவைத்து எண்பது வரை எண்ண வேண்டும். வெயில் நாளில் ஐம்பது போதும். இறக்க வேண்டுமானால் ஐஸ் பை இரண்டு. இதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிட்டது. அடுத்த வரியை மட்டும் பார்க்க மாட்டார். நாளைக்கு என்ன இருக்கிறதோ அது நாளைக்கு.

'கரண்ட் இருபது நிமிடம் இல்லை' என்று இருந்த நாளில் கரண்ட் ஜம்மென்று இருந்தது. பத்து மணி வரை பொறுத்துப் பார்த்தார். போகிற வழியாகத் தெரியவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

பால் வண்டி தாமதம் என்றிருந்த நாள்தான் கஷ்டம். வண்டிக்காரர் இந்தத் தெருவுக்குக் காலை ஐந்தே முக்காலுக்கு வருகிறவர். அவரைப் பார்த்துத்தான் கோழி கூவும்.

"அண்ணே, ஒரு மணி நேரம் கழிச்சு வாங்களேன்."

"என்ன சொல்ற? சீக்கிரம் வா, சீக்கிரம் வான்னு என் உயிர எடுக்கறவங்களத்தான் பாத்திருக்கேன். லேட்டா வான்னு ஒருத்தன் கேட்டு இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"இன்னிக்கு மட்டும்ணே."

"அது வரைக்கும் நான் எங்க போவேன்?"

"அந்த வளைவுல நிறுத்திட்டுக் கொஞ்சம் தூங்குங்க."

வண்டிக்காரர் இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக வேலை நேரத்தில் தூங்கினார். அவ்வளவு நல்ல தூக்கம் தன் கல்யாணத்துக்குப் பிறகு வரவில்லை என்று பிறகு சொன்னார்.

எலிக்கு வருவோம். கடையில் எலி இல்லை. அந்தம்மா ஓட்டை ஒன்றுவிடாமல் அடைத்துவைத்துவிட்டுப் போயிருந்தார். நாள் முழுக்கப் பொறி வாயைப் பிளந்துகொண்டு கிடந்ததுதான் மிச்சம். மாலை ஐந்து மணிக்கு மளிகைக்காரர் எதிர்ப்பக்கம் மாவு மில்லுக்குப் போனார்.

"ஒரு எலி இருந்தா குடேன்."

மில்காரர் மாவு படிந்த இமையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். இந்த மனுஷனுக்கு மனைவி போனதில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தார். ஆனாலும் துக்கத்தில் இருக்கிறவர் கேட்டு இல்லையென்று எப்படிச் சொல்வது?

"பெருசா, சின்னதா?"

"எதுனாலும் பரவாயில்ல. உயிரோட வேணும். பத்து நிமிஷத்துல திருப்பிக் குடுத்துடறேன்."

சொன்னபடியே பத்து நிமிடம் கடையில் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். சாலையைக் கடக்கும்போது பொறியைக் கையில் தூக்கிப் பிடித்திருந்ததையும், பஸ்காரர் நிறுத்தி வழிவிட்டதையும் தெருவே பார்த்தது. கையெழுத்துப் போட்டார். நாள் முடிந்தது.

இப்படி அந்தம்மா போய் நூற்றியோராவது நாள். வெயில் காலை எட்டு மணிக்கே தார் ரோட்டை வாட்ட ஆரம்பித்திருந்தது. பத்தரைக்கு ஆபீசரம்மா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு, பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்தார்.

சர்க்கரை டப்பாவுக்குள் கரண்டி கிடக்கிறதா என்று பார்த்தார். இல்லை, வெளியே ஆணியில் தொங்கியது. மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே டார்ச் அடித்தார். பிஸ்கட்டில் தேதி பார்த்தார். எக்ஸ்பிரஸின் நகத்தைப் பார்த்தார். அவன் பள்ளிக்கூடத்தில் காட்டுகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டினான். ஃபிரிட்ஜுக்குள் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்திருந்தார்கள். அதில் தன்னுடைய கம்பித் தெர்மாமீட்டரை விட்டார். நாலு.

"நல்லா வச்சிருக்கீங்களே. நோட்டு எடுங்க."

நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அன்றைய பக்கத்தில் நின்றார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பவும் நோட்டைப் பார்த்தார்.

"ஐயா, இப்ப மணி பத்தே முக்கால். சாயங்காலம் ஆறு மணிக்கு அஞ்சு டிகிரின்னு எழுதியிருக்கே?"

"ஆமா மேடம். அஞ்சுதான் இருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வச்சிருவேன்."

ஆபீசரம்மா ஒரு பக்கம் புரட்டினார். இன்னொன்று. கடைசி வரைக்கும் புரட்டினார். நாற்பது நாள் குளிர் பச்சை மையில் வரிசையாக இருந்தது.

"அடுத்த மாசத்துக் குளிரெல்லாம் இப்பவே எழுதி வச்சிருக்கீங்க. யார் கையெழுத்து இது?"

"வீட்ல எழுதினது."

"கூப்பிடுங்க அவங்கள."

மளிகைக்காரர் நின்ற இடத்தில் நின்றார். தராசுத் தட்டில் ஒரு பருப்பு கிடந்தது. அதை எடுத்து டப்பாவில் போட்டார்.

"அக்கா தவறிட்டாங்க மேடம். மூணு மாசத்துக்கு மேல ஆச்சு" என்றான் எக்ஸ்பிரஸ்.

ஃபிரிட்ஜ் ஓடி நின்றது. ஆபீசரம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வேலையில் அதையெல்லாம் காட்டக் கூடாது என்று பழகியவர்.

"வருத்தம்தான். ஆனா இது பொய்ப் பதிவுங்க. உள்ளதிலேயே பெரிய தப்பு. மூணாவது நோட்டீஸ் எழுதணும். நோட்டையும் நான் எடுத்துட்டுப் போகணும்."

"நோட்டையா?" முதல்முறையாக மளிகைக்காரர் தலையைத் தூக்கினார். "திருப்பித் தருவீங்களா?"

"ஆபீசுக்குப் போனது திரும்பாதுங்க."

"அதுல பொய் ஒண்ணும் இல்ல மேடம். எல்லாம் அப்படி அப்படியே இருந்துச்சு."

"நூறு நாள் முன்னாடி எழுதினது எப்படிங்க அப்படியே இருக்கும்?"

"இருக்க வச்சேன்."

எக்ஸ்பிரஸ் குறுக்கே விழுந்து எல்லாவற்றையும் சொன்னான். திருகு, ஐஸ் பை, எண்பது எண்ணுவது, பிளக், பால் வண்டி. எலி வந்ததும் கொஞ்சம் தயங்கினான். பிறகு அதையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது நம்பும்படியாக இல்லை.

ஆபீசரம்மா கடைசி வரை கேட்டார். பிறகு ஃபிரிட்ஜின் மேல்தட்டுக்கு அடியில் கையை விட்டு எதையோ பெயர்த்தெடுத்தார். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வில்லை.

"போன தடவை வந்தப்ப நான் ஒட்டிட்டுப் போனது. கால் மணிக்கு ஒரு தரம் இது குளிரக் குறிச்சுக்கும். சொல்லிட்டு ஒட்டினா பிரயோஜனம் இல்லன்னு சொல்லல."

வில்லையைத் தன் போனோடு ஒட்டிப் பிடித்தார். போனில் கோடு கோடாக ஏதோ வந்தது. ஒரு மூட்டையின்மேல் உட்காரப் போனவர், அது தப்பு என்று நினைவு வந்து, அந்தம்மாவின் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் போன். தேதி தேதியாகப் பார்த்தார். டீ வந்தது, ஆறியது. பதினோரு மணி ஆனது, பதினொன்றரை ஆனது.

"இங்க கரண்ட் இருபது நிமிஷம் இல்லன்னு இருக்கு" என்றார் தனக்குத்தானே. போனைப் பார்த்தார். "ஏறியிருக்கு."

இன்னும் கொஞ்ச நேரம்.

"பதினாலு வருஷமா நோட்டு பாக்கறேன். வில்லை ஒண்ணு சொல்லும், நோட்டு ஒண்ணு சொல்லும். இவ்வளவு சரியா ஒத்துப்போன நோட்டு இதுதான்." அதைச் சொன்னபோது அவருக்குக் கோபமா ஆச்சரியமா என்று தெரியவில்லை. "ஒரு பத்து நாள் மட்டும் ஒத்துவரல. நோட்டுல எல்லாம் நாலு, அஞ்சு. வில்லையில எட்டு, ஒம்போது, ஒருநாள் பன்னெண்டு."

"எந்தப் பத்து நாளு?"

தேதியைச் சொன்னார்.

"அப்ப நான் கடையில இல்ல மேடம்" என்றார் மளிகைக்காரர். "ஆஸ்பத்திரியில இருந்தேன்."

"அப்புறம் நாலு நாள் கடை பூட்டியிருந்துச்சு" என்றான் எக்ஸ்பிரஸ், கீழே பார்த்துக்கொண்டு.

ஆபீசரம்மா நோட்டை மூடினார், திரும்பத் திறந்தார்.

"அந்தப் பத்து நாளைக்கும் இன்னிக்குத் தேதி போட்டு, 'ஆள் இல்லை'ன்னு குறிப்பு எழுதுங்க. மத்தத நான் பொய்ப் பதிவுன்னு எழுத முடியாது. நடந்ததுதான் எழுதியிருக்கு. முன்னாடியே எழுதிட்டாங்க, அவ்வளவுதான். அதுக்கு என் ஃபாரத்துல கட்டம் இல்ல. ஆனா இனிமே வரப்போற நாள் நிக்கக் கூடாது. இன்னிக்குப் பகலு, சாயங்காலம், அப்புறம் இந்த நாப்பது நாளு. ஒவ்வொரு வரியையும் அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போடணும். என் முன்னாடி. செஞ்சா தவறான பதிவு, திருத்தப்பட்டதுன்னு எழுதிட்டு நோட்ட உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேன். இல்லன்னா நோட்டும் வரும், சீலும் வரும்."

பேனாவை எடுத்து நீட்டினார். மளிகைக்காரர் வாங்கிக்கொண்டார். நோட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். கை நகரவில்லை.

எக்ஸ்பிரஸ் போன் போட்டு, நாலு தெரு தள்ளி மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மளிகைக்காரரின் மகளை வரச் சொன்னான். அவள் வேலைக்கோட்டைக் கழற்றாமலேயே ஓடிவந்தாள். ஐந்து நிமிடத்தில் விஷயம் புரிந்தது.

"அப்பா, கோடு போடுங்கப்பா."

"ம்."

"சும்மா நம்பர்தாம்பா. ஃபிரிட்ஜோட நம்பர்."

"தெரியும்மா."

"மேடம், நான் போடட்டுமா?"

"லைசென்ஸ் யார் பேர்ல இருக்கோ அவங்கதாம்மா போடணும்."

"அம்மா இதுக்கா எழுதினாங்க? கடைய மூடிடக் கூடாதுன்னுதானப்பா எழுதினாங்க. நீங்க இப்ப அதையே வச்சு மூடப் பாக்கறீங்க."

மளிகைக்காரர் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. அவர் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார். சீல் வைத்தால் கரண்டை நிறுத்துவார்கள். நிறுத்தினால் ஃபிரிட்ஜ் முப்பதுக்குப் போகும். அப்போது அவள் எழுதிய நாற்பது நாளும் பொய். அடித்தால்?

"மேடம், அடிச்சா அடியில இருக்கறது தெரியுமா?"

"தெரிஞ்சே ஆகணும். கிறுக்கி மறைச்சா அது வேற தப்பு. ஒரே கோடு. என்ன எழுதியிருந்துச்சுன்னு யார் எப்பப் பாத்தாலும் படிக்க வரணும். அதான் விதி."

"ஒரே கோடு."

"ஒரே கோடு."

மளிகைக்காரர் அந்தப் பத்து நாளுக்கும் 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டு, ஸ்கேலைத் தேடி எடுத்தார். அதை வைத்து, கோடு போட்டு, கையெழுத்துப் போட்டு, மை காய ஊதி, அடுத்த வரிக்கு வந்தார். அவசரமே இல்லை. நாளைக்கு என்ன என்று இத்தனை நாள் பார்க்காதிருந்தவர் நாற்பது நாளையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டியதாயிற்று. வாய்விட்டுத்தான் படித்தார்; அவர் மனசுக்குள் படிக்கப் பழகாதவர்.

"முட்டை ரெண்டு உடைஞ்சது, துடைத்தது." கோடு.

"தெர்மாமீட்டர் மங்கல், கண்ணாடி போட்டுப் பார்த்தது." கோடு.

"வண்டி தாமதம்."

"இன்னொரு தடவையா? நல்லவேளை, தப்பிச்சாரு வண்டிக்காரரு" என்றான் எக்ஸ்பிரஸ். மகள் அவனை முறைத்தாள். பிறகு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

கடைசிப் பக்கம் வர ஒன்றே கால் மணி ஆகிவிட்டது. போகப் போக நாற்காலிகளுக்குக் கால் கோணியது. அந்த இரண்டாவது மதியம் அவளுக்கு வலி வந்திருக்க வேண்டும். கடைசி வரியின் குறிப்பைப் படிக்கும்போது மட்டும் அவர் கொஞ்சம் நிதானித்தார்.

"நோட்டு முடிந்தது. புதுசு மேல் தட்டில், டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால்."

கோடு போட்டார். கையெழுத்துப் போட்டார். எழுந்துபோய் ஏணியை வைத்து ஏறினார். டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் புது நோட்டு இருந்தது. முதல் பன்னிரண்டு பக்கத்துக்குப் பச்சை மையில் கட்டம் போட்டிருந்தது. தேதி, காலை, பகல், மாலை, குறிப்பு, கையெழுத்து. கட்டத்துக்குள் ஒன்றும் எழுதவில்லை.

ஆபீசரம்மா எழுதவேண்டியதை எழுதி ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். வலைத்தொப்பியைக் கழற்றி மடித்தார்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு இதுல எழுதுங்க. பாத்துட்டு எழுதுங்க. திருகக் கூடாது."

"சரி மேடம்."

"அந்த எலி…" என்று வாசலில் நின்று தொடங்கியவர், "வேணாம், விடுங்க. எனக்கு எதுவும் சொல்லலன்னு வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்து போனார்.

மத்தியானம் போனது. வெயில் ஷட்டர் வழியாக உள்ளே வந்து பருப்பு மூட்டை வரைக்கும் நீண்டு, திரும்பிப் போனது. சோப்பு வாங்க வந்தவருக்கு சோப்பு கொடுத்தார். அரைக்கிலோ ரவை கேட்டவருக்கு அரைக்கிலோ ரவை கட்டினார். கடை மூடவில்லை, நோட்டும் போகவில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

ஆறு மணி ஆனது. பழைய நோட்டைக் கல்லாமேல் விரித்துவைத்தார். கோட்டுக்கு அடியில் ஐந்து நன்றாகவே தெரிந்தது. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தார். தெர்மாமீட்டரில் நாலு.

ஐம்பது எண்ணினால் போதும், வெயில் நாள். கை கதவைப் பிடித்தபடி இருந்தது. உதடு தன்னால் ஒன்று, இரண்டு என்று தொடங்கியது. பன்னிரண்டிலோ பதிமூன்றிலோ நின்றுவிட்டது. எண்ணுவது நின்றதே தவிரக் கதவை மூடவில்லை. குளிர் வெளியே வழிந்து வேட்டி ஓரத்துக்குக் கீழே பாதத்தில் இறங்கியது. விரல் விரலாக ஏறியது. முழங்கை மயிர் நட்டுக்கொண்டது.

சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்த எக்ஸ்பிரஸ் பார்த்துவிட்டான்.

"மாமா, கதவ மூடுங்க. ஏறுது பாருங்க, ஏழு ஆயிடுச்சு. பால் கெட்டுடும்."

அவர் அசையவில்லை.

"மாமா?"

"சில்லுனு இருக்குடா" என்றார். நூறு நாளாக உள்ளே எங்கோ உறைந்து கிடந்தது அப்போதுதான் இறங்கிக் கன்னம் வழியாக வந்தது. அவர் துடைக்கவும் இல்லை. "ரொம்ப சில்லுனு இருக்குடா."

எக்ஸ்பிரஸ் சைக்கிளை அரிசி மூட்டைமேல் சாய்த்தான். அப்படிச் சாய்க்கக் கூடாது, யாரும் சொல்லவில்லை. மெதுவாக வந்து அவர் கையைக் கதவிலிருந்து எடுத்துவிட்டு, கதவை மூடினான்.

"சரி மாமா. ஆனா அத மட்டும் நோட்டுல எழுதிடாதீங்க."

மளிகைக்காரர் பச்சைப் பேனாவை எடுத்தார். புது நோட்டில் மாலைக் கட்டத்தில் ஏழு என்று எழுதினார். குறிப்பில் 'கதவு திறந்திருந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.